கிணற்று நீரின் சராசரி உப்பளவை அறிய எத்தனை கிணறுகள் வேண்டும்?

வாணியம்பாடி மாணவி:
பாலாற்றை ஒட்டிய ஊர்களில் 420 பாசனக் கிணறுகளைப் பட்டியலிட்டிருக்கிறேன். அவற்றின் நீரில் கரைந்துள்ள உப்பின் சராசரியை, லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் பிசகாமல், 95 விழுக்காடு நம்பிக்கையுடன் மதிப்பிட வேண்டும். முன்னோட்டமாக அளந்த 15 கிணறுகளில் திட்ட விலக்கம், அதாவது அளவீடுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு, 300 வந்தது. பத்தில் ஒரு பங்கு, அதாவது 42 கிணறுகள் போதும் என்கிறார்கள். அது சரிதானா, ஐயா?

ஆற்காடு கணக்காசிரியர்:
அம்மா, பத்தில் ஒரு பங்கு என்பது வெறும் வாய்மொழி வழக்கம். அதற்குப் பின்னால் கணக்கு எதுவும் இல்லை. 95 விழுக்காடு நம்பிக்கைக்குரிய எண்ணான 1.96ஐத் திட்ட விலக்கத்தால் பெருக்கி, பொறுத்துக்கொள்ளும் பிழையால் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்துங்கள். 1.96 × 300 ÷ 50 என்பது 11.76, அதன் வர்க்கம் ஏறத்தாழ 138.3. மொத்தமே 420 கிணறுகள்தாம் என்பதால் இதை 1 + 138.3/420 என்பதால் வகுத்தால் 104.04 கிடைக்கும். பின்னம் எவ்வளவு சிறியதானாலும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும் என்பதால் விடை 105. வெறும் 42 கிணறுகளோடு நிறுத்தினால் பிழை எல்லை 50 அன்று, ஏறத்தாழ 86 ஆகிவிடும்.

குடியாத்தம் களப்பணியாளர்:
சூத்திரத்தில் தவறில்லை, என் ஐயமெல்லாம் அந்த 300 மீதுதான். 15 அளவீடுகளிலிருந்து கிடைக்கும் திட்ட விலக்கமே ஐந்தில் ஒரு பங்கு வரை எளிதில் முன்பின்னாக இருக்கக்கூடும். உண்மையில் அது 350 என்றால் தேவை 130 கிணறுகளாக உயர்ந்துவிடும். மேலும், தோல் தொழிற்சாலைக் கழிவு பாய்ந்த பக்கத்துக் கிணறுகளும் ஏரிப்பாசனத்தை ஒட்டிய கிணறுகளும் ஒரே இனத்தவை அல்ல என்பது நம் பகுதியில் வாளி இறைத்தவர் எவருக்கும் தெரியும். இரண்டையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து, உப்பின் ஏற்ற இறக்கம் மிகுந்த அடுக்கில் கூடுதல் கிணறுகளை எடுங்கள். ஒரே ஊரில் பத்துக் கிணறுகளை அடுத்தடுத்து அளப்பதையும் தவிருங்கள். அண்டைக் கிணறுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் பத்து அளவீடுகளுக்குரிய பயன் கிடைக்காது. உங்கள் 15 கிணறுகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

வாணியம்பாடி மாணவி:
பேருந்து நிற்கும் சாலையோரத்துக் கிணறுகளாகவே எடுத்துவிட்டேன், ஐயா. பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி, இரு அடுக்குகளிலும் பதினைந்து பதினைந்தாக மீண்டும் அளந்துவிட்டு, புதிய திட்ட விலக்கங்களுடன் வருகிறேன்.