வில்வேட்டைக்கு எலெக்ட்ரிக் பைக்: ஓட்டியவர்கள் சொல்லுங்களேன்

நண்பர்களே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1 அன்று மான் வில்வேட்டை சீசன் ஆரம்பம். மானுக்காக நான் ஏறி உட்கார்ந்து காத்திருக்கும் மரம் ஹியூரான்-மேனிஸ்டீ தேசியக் காட்டில் ரொம்ப உள்ளே. நடந்து போய்ச் சேர்வதற்குள் வியர்த்து விறுவிறுத்துவிடும். அந்த வாடை போதும், மான் கிட்டவே அண்டாது. அதனால்தான் 4 அங்குல டயர், 750 வாட் பைக் பார்க்கிறேன். தேசியக் காடுகளில் இதையும் மோட்டார் வண்டிக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள் என்பது தெரியும். பொதுவாக மோட்டார் வண்டிக்குத் திறந்த பாதையோடு சரி, மிச்சம் நடைதான்.

மணல் தடத்தில் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவில் இருப்பது) இழுக்குமா, மிட்-டிரைவே (பெடல் பக்கத்தில் மோட்டார் இருப்பது) வேண்டுமா? (அதன் விலை கேட்டாலே தலை சுற்றுகிறது.) நவம்பர் விடிகாலைக் குளிரில் பேட்டரி எவ்வளவு தூரம் தாங்குகிறது? அடித்த மானை டிரெய்லரில் ஏற்றி இழுத்தவர்கள் இருந்தால் போட்டோவும் போடுங்கள்.