டிம் சம்: தள்ளுவண்டியா, சீட்டா?

நத்தன்ரோடு:
ஹாங்காங்கில் ஷாம் ஷூய் போ பக்கம் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு கான்டனீஸ் உணவகம். டிம் சம் என்ற சின்னச் சின்னப் பலகாரங்களை மூங்கில் கூடைகளில் மேசை மேசையாகக் கொண்டுவரும் தள்ளுவண்டிகளைப் போன மாதம் நிறுத்திவிட்டார்கள். இனி சீட்டில் டிக் போட்டால்தான் கூடை வரும். பத்து வருடமாக ஞாயிறு காலையில் போகிறவன் நான். எனக்குச் சீன எழுத்து தெரியாது. வண்டி வரும், அந்த அக்கா மூடியைத் தூக்குவார், ஆவிக்குள் எட்டிப் பார்த்துக் கை காட்டுவேன், மேசையில் இருக்கும் அட்டையில் முத்திரை குத்திவிட்டுப் போவார். அவ்வளவுதான் வேலை. இப்போது சீட்டில் எது சியூ மை என்ற பன்றி இறைச்சிக் கொழுக்கட்டை, எது கோழிக்கால் என்று யார் சொல்வது?

மூங்கில்கூடை:
அண்ணே, கோபிக்காதீர்கள். பத்து வருடமாக நீங்கள் சாப்பிட்டது ஆறிப்போன ஹா காவ், அதாவது இறால் கொழுக்கட்டை. அதன் தோலுக்குக் கோதுமை மாவில் குளூட்டன் என்ற பசைப் புரதத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் ஸ்டார்ச்தான் முக்கியம். சூட்டில் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இறாலின் சிவப்பு தெரியும். வண்டி மூன்று சுற்று வருவதற்குள் அடியில் ஒட்டிக்கொள்ளும். குச்சியால் தூக்கினால் தோல் கூடையிலும் இறால் உங்கள் மடியிலும். ஏழு மடிப்பாவது வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து மடித்தது இதற்கா? டிம் ஹோ வான் என்ற டிம் சம் உணவகம் 2009இல் மோங் காக்கில் சின்னக் கடையாகத் தொடங்கியபோதும் சீட்டுதான். 2010 மிச்செலின் உணவகக் கையேட்டிலேயே நட்சத்திரம் வாங்கிவிட்டது.

நத்தன்ரோடு:
நட்சத்திரம் உங்களுக்கு, தம்பி. டிம் சம் சாப்பிடப் போவதை இங்கே யம் சா என்பார்கள்; அதற்கு அர்த்தம் ‘தேநீர் குடிப்பது’. என் பக்கத்து மேசைத் தாத்தா செய்தித்தாளை விரித்து, ஒரு பானை பொலெய் தேநீர், இரண்டு கூடை என்று காலை முழுக்க ஓட்டுவார். அவருக்கு எந்த அவசரமும் இல்லை. வண்டிச் சத்தம் இல்லாததால் இப்போது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது.

சைவப்பட்சி:
எனக்கு வண்டிதான் ஆபத்து. முள்ளங்கி கேக் என்றால் காய்தானே என்று கை காட்டினேன். ஓரமெல்லாம் மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி. மூன்றாவது வாயில் சிவப்பாக ஏதோ கடிபட்டது. பன்றி சாசேஜ்! கூடவே காய்ந்த இறால். சீட்டு என்றால் போனில் மொழிபெயர்த்தாவது பார்க்கலாம்.

நத்தன்ரோடு:
மொழிபெயர்த்தால் என்ன வரும்? ‘முள்ளங்கி கேக்’ என்றுதான் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டு சொல்லாது. வண்டி அக்காவிடம் ‘ஜாய்?’ (சைவமா?) என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சைவமில்லை என்று தலையை ஆட்டியிருப்பார்.

மூங்கில்கூடை:
அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைக்காரர் பக்கமும் பாருங்கள். வண்டி போக அகலமான வழி விட வேண்டும். ஹாங்காங் வாடகையில் அந்த இடத்தில் நாலு மேசை போடலாம். அப்புறம், விற்காமல் சுற்றும் கூடைகள் கடைசியில் எங்கே போகும்? சரி, ஞாயிறு பதினோரு மணிக்கு வருகிறேன். சீட்டை நான் நிரப்புகிறேன். நீங்கள் பானை மூடியைத் திறந்து வையுங்கள், வெந்நீர் ஊற்ற வருவார்கள்.

நத்தன்ரோடு:
கோழிக்கால் இரண்டு கூடை போடு. ஹா காவ் கிழிந்தால் பில் உன்னுடையது.

சைவப்பட்சி:
நானும் வரலாமா? எனக்கு என்ன சொல்வீர்கள்?

நத்தன்ரோடு:
தேநீர்.