19650809 பகா எண்ணா? எந்தெந்த வகையில் சேரும்?

எண்ணாசை: சிங்கப்பூர் தேசிய தினத்துக்கு வகுப்புச் சுவரில் ஒட்ட ஓர் எண் அட்டை தயாரிக்கிறோம். 1965 ஆகஸ்ட் 9-ஐ 19650809 என்று எழுதிக்கொண்டோம். இது பகா எண்ணா? 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது. அப்படியென்றால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? கையில் இருப்பது எட்டு இலக்கக் கால்குலேட்டர்தான்.

தெம்பனீஸ் கணக்கர்: பகு எண். இலக்கங்களைக் கூட்டினால் 38, எனவே 3 இல்லை. 7, 11, 13 மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்: வலமிருந்து மூன்று மூன்றாகப் பிரித்து 809 − 650 + 19 = 178. மூன்றின் பெருக்கல் 1001 என்பதால் 178-ஐ வகுத்துப் பார்த்தாலே போதும். மீதி முறையே 3, 2, 9. 17-க்கு மீதி 16, 19-க்கு 2. 23-இல் மாட்டிக்கொள்ளும்: 23 × 854383.

19650809-இன் வர்க்கமூலம் 4432 சொச்சம்; இதன்பிறகு அதுவரை போக வேண்டாம். 854383-இன் வர்க்கமூலம் 924 சொச்சம், ஆகவே 919 வரை போதும். ஆனால் 23-ஐ மறுபடியும் சோதிக்கணும், அது இரண்டு முறை வந்திருக்கலாம் (இங்கே மீதி 2, வரவில்லை). 23 முதல் 919 வரை 149 பகா எண்கள், எதுவும் வகுக்காது. 854383 பகா எண்தான்.

797-இல் கவனம் தேவை. கால்குலேட்டர் 1071.9987 என்று காட்டும். அதை 1072 ஆக்கிவிட்டால் கணக்கே கெட்டுப்போகும். திருப்பிப் பெருக்குங்கள்: 797 × 1072 = 854384. ஒன்று கூடுதல்.

மீதி மன்னன்: வர்க்கக் கேள்விக்குப் பதில்: முடியாது. 4-ஆல் மீதி 1 வந்தால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்ற விதி பகா எண்ணுக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். பகு எண்ணில் காரணிகளைத் தனித்தனியாகப் பார்க்கணும். 23-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. இப்படிப்பட்ட பகா எண் a² + b²-ஐ வகுத்தால் a, b இரண்டையுமே வகுத்தாக வேண்டும். அப்போது 23² முழு எண்ணையும் வகுக்கணும். இங்கே 23 ஒரு தடவைதான் இருக்கிறது. 854383-க்கும் மீதி 3. இரண்டு மூன்றுகளைப் பெருக்கியதால் வந்ததுதான் நீங்கள் பார்த்த அந்த 1.

வர்க்கங்களின் கழித்தலாக எழுதலாம்: 427203² − 427180². அட்டையில் இதைக் கட்டாயம் போடுங்க, பார்க்கவே அழகு!

தெம்பனீஸ் கணக்கர்: வகைகளுக்கு வருவோம். வகுத்திகள் நான்கே: 1, 23, 854383, 19650809. தன்னை விட்டுக் கூட்டினால் 854407, எண்ணைவிட மிகக் குறைவு. ஆகவே குறை எண். இரு பகாக் காரணிகளுக்கும் 4-ஆல் மீதி 3, இரண்டும் வெவ்வேறு; எனவே பிளம் முழு எண் என்ற வகையிலும் சேரும். 1986-இல் வெளியான பிளம் பிளம் ஷப் என்ற போலி ரேண்டம் எண் முறை (ரேண்டம் போலத் தோன்றும் எண்களைக் கணக்கிட்டு உருவாக்குவது) இந்த வகை எண்களை வைத்துத்தான் இயங்குகிறது. அங்கே காரணிகள் ராட்சத அளவில் இருக்கணும். 23 மாதிரி சின்னக் காரணி உதவாது.

எண்ணாசை: நன்றி! நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் 09081965 என்று எழுதினால் இதே பண்புகள் வருமா?

மீதி மன்னன்: வராது. முதல் பூஜ்யம் உதிர்ந்து 9081965 ஆகிவிடும். 5-இல் முடிவதால் சோதனையே தேவையில்லை, இதுவும் பகு எண்தான்; ஆனால் காரணி 5-க்கு 4-ஆல் மீதி 1 என்பதால் பிளம் முழு எண் ஆகாது. அட்டையில் எந்த வரிசை என்று ஒரு வரி எழுதிவிடுங்க.