சயாம் ரயிலும் ராம்கர் முகாமும்

சுங்கை சிப்புட் வாசகர்: இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்த தங்கள் படைக்குச் சரக்கு அனுப்பவே, நம் மலாயாத் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோய் ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதையைப் போட்டார்கள். அந்தப் படையை வடக்கே எதிர்த்த சீன வீரர்களுக்கு இந்தியாவில் அமெரிக்கர்கள் பயிற்சி அளித்தது எவ்வாறு?

பால்மரம்: 1942இல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய சீனப் படையினரை அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல் அன்றைய பீகாரின் ராம்கரில் திரட்டினார். ஆயுதமும் பயிற்சியும் அமெரிக்காவுடையவை. சோறும் சம்பளமும் பிரிட்டனுடையவை. இமயமலையைத் தாண்டிச் சீனாவில் சரக்கு இறக்கிய விமானங்கள், வெறுமனே திரும்பாமல், புதிய வீரர்களை ஏற்றி வந்தன (சிக்கனமான ஏற்பாடுதான்).

ஓய்வுபெற்ற ஆசிரியர்: 1944 மே 17 அன்று வட பர்மாவின் மிச்சினா விமானத்தளத்தை அமெரிக்க, சீனப் படைகள் சேர்ந்து பிடித்தன; ஊர் விழுந்ததோ ஆகஸ்ட் 3 அன்றுதான். ஆயினும் இந்தக் கூட்டை நட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீனப் படைகளை யார் நடத்துவது என்ற பூசல் முற்றி, சீனத் தலைவர் சியாங் கை ஷெக்கின் வற்புறுத்தலால் அக்டோபரில் ஸ்டில்வெல் திருப்பி அழைக்கப்பட்டார்.