ஆறுகாட்டுத்துறைப் படகு

சனிக்கிழமை, இரவு 8.40

செல்வம்: பெரியப்பா, வேதாரண்யம் பக்கத்து ஆறுகாட்டுத்துறையில் ஒரு ஃபைபர் படகு விலைக்கு வருகிறது. ஆறு வருடப் படகு. 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் எஞ்சின். புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. காலையில் பார்க்கப் போகிறேன்.

பெரியப்பா: விற்கப்போகிற படகுக்கு எதற்குப் புதுப் பெயின்ட்?

சித்தி: அடிக்காவிட்டால் பழசு என்று விலையைக் குறைப்பீர்கள்!

பெரியப்பா: அதுவும் சரிதான் அம்மா. செல்வம், முதலில் எஞ்சினிடம் போகாதே. அது தொங்குகிற பின்பலகையைப் பார். வெளியே ஃபைபர், உள்ளே ஒட்டுப்பலகை. போல்ட் துளை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கியிருந்தால் மேலுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே டீயில் நனைந்த ரொட்டிதான். ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போ. நல்ல இடம் ‘டங்’ என்னும், ஊறிய இடம் ‘தொப்’ என்னும். பிறகு எஞ்சினின் கீழ்த்தண்டைப் பிடித்து மேலும் கீழும் அழுத்து. பலகை அசைந்தால் பஸ் ஏறிவிடு.

மதி: அப்பா, உங்கள் பழைய படகின் கதையையும் சொல்லுங்கள் 😄

பெரியப்பா: அதை ஏன் கிளறுகிறாய்? எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத் தண்ணீரில் பலகை பிளந்தது. கயிறு கட்டியிருந்ததால் எஞ்சின் தப்பியது, மானம் போயிற்று.

செல்வம்: எஞ்சினை ஓட்டிக் காட்டுகிறேன் என்றார்.

பெரியப்பா: பெட்ரோலில் ஓட்டிக் காட்டுவார். பெட்ரோலில் கிளம்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுகிற எஞ்சின் அது. மாற்றச் சொல். நாலு பேரை ஏற்றி அரை மணி நேரம் கடலில் ஓட்டு. குளிர்விக்கும் தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும், கிளப்புமுன்பே எஞ்சினைத் தொட்டுப் பார், சில்லென்று இருக்க வேண்டும்.

மதி: மீன்வளத்துறை தந்த பதிவுச் சான்றைக் கேள். படகில் எழுதிய எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார். எஞ்சின் எண்ணையும் அதன் ரசீதோடு ஒத்துப் பார். பெயர் மாறும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை, காலை 6.25

செல்வம்: வந்துவிட்டேன். எஞ்சின் சுடுகிறது.

பெரியப்பா: நீ வருமுன்பே கிளப்பிச் சூடேற்றியிருக்கிறார். ஆறட்டும். அதுவரை பலகையைத் தட்டு.

செல்வம்: எல்லா இடமும் ‘டங்’. அழுத்தினேன், அசையவில்லை. பெயின்ட்டுக்கு அடியிலும் வெடிப்பு இல்லை.

பெரியப்பா: அடடே! பெயின்ட் விஷயத்தில் நான்தான் தப்பு. சரி, கியர் ஆயில் திருகைத் தளர்த்தி நாலு சொட்டு விடு.

செல்வம்: 📷 பால் கலந்த காப்பி நிறம்.

பெரியப்பா: உள்ளே தண்ணீர் போகிறது. புரொப்பல்லரைக் கழற்றச் சொல். வலை நரம்பு சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்திருக்கும்.

செல்வம்: ஆமாம் பெரியப்பா! தண்டில் ஒரு விரல் தடிமனுக்கு வலை நரம்பு.

பெரியப்பா: படகுக்கு மட்டும் விலை பேசு. எஞ்சினை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

சித்தி: வேதாரண்யம் வழியாகத்தானே வருவாய்? கல்லுப்பு இரண்டு கிலோ வாங்கி வா.