ஆபரேஷன்ஸ், சப்ளை செயின் எம்பிஏ எடுக்கலாமா? மதுரைக்காரங்க சொல்லுங்க

பிகாம் முடிச்சுட்டேன், எம்பிஏல சப்ளை செயின் எடுக்கலாம்னு இருக்கேன், வீட்டுல என்னடான்னா குடோன்ல மூட்டை எண்ண எதுக்குடா ரெண்டு வருஷம்ங்குறாங்க.. கணக்கு நெறைய வருமாண்ணே?

பதில் 1: வரும் தம்பி, பயப்படாத. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல காலைல போய் நின்னு பாரு. ஒருத்தர் மல்லி கிலோ 600க்கு எடுத்து 900க்கு விக்கிறாரு, மிஞ்சுனத சாயங்காலம் 300க்குத் தள்ளுறாருன்னு வை. வித்தா 300 லாபம், மிஞ்சுனா 300 நட்டம், ரெண்டும் சமம், அப்ப பத்து நாள்ல அஞ்சு நாளாவது முழுசா தீர்ற அளவுதான் எடுக்கணும். எவ்வளவு விக்கும்னு தெரியாதப்ப எவ்வளவு வாங்கி வைக்கணும்னு போடுற இந்தக் கணக்குதான் நியூஸ்வெண்டர் மாடல், செமஸ்டர்ல கண்டிப்பா வரும்.

பதில் 2: எக்ஸெல் மொதல்ல கத்துக்கப்பா. நான் தூத்துக்குடில இன்டர்ன்ஷிப் போன எடத்துல ரெண்டு மாசமும் சரக்கு அனுப்ப ஆன்லைன்ல எடுக்குற இ-வே பில் மட்டும்தான் போட விட்டாய்ங்க 😭

கேட்டவர்: அண்ணே, எங்க அத்தை பூக்கடைதான் வச்சிருக்கு. முகூர்த்த நாளுக்கு எத்தனை கிலோன்னு மனசுலயே போட்டுரும், பேருதான் தெரியாது போல