ஆர்.ஜி. நியூ கண்டாம், சசாபி: ஆக்சிஸ் காட்சியை 1/144 டயோராமாவாச் செய்ய உதவி தேவை

வடலி:
வணக்கம். "ஷார்ஸ் கவுண்டர் அற்றாக்" எண்ட அனிமே படத்தின்ர முடிவில ஆக்சிஸ் எண்ட சிறுகோள் பூமியில விழப்போகேக்க நியூ கண்டாம் றோபோ அதை எதிர்த்துத் தள்ளுமே, அந்த இடத்தை டயோராமாவாச் செய்ய வேணும். பண்டாயின்ர ஆர்.ஜி. (1/144 பிளாஸ்ரிக் கிற்) வரிசையில நியூ கண்டாமும் அதின்ர எதிரி றோபோ சசாபியும் கட்டி முடிஞ்சுது. பெயின்ற் இல்லை, பிளாஸ்ரிக் நிறம்தான். தனியா வாங்கின வோட்டர் டெக்கல் (தண்ணியில ஊற வைச்சு ஒட்டிற அடையாளப் படம்) பாதி ஒட்டியாச்சு. தைப்பொங்கல் லீவுக்கு முன்னம் முடிக்கோணும்.

முதுகில வாற ஃபின் ஃபனல் (பறந்து போய்ச் சுடுற ஆயுதத் தகடு) ஆறையும் மாட்டினால் நியூ கண்டாம் பின்பக்கமா இடப்பக்கம் சரிஞ்சு விழுது. காலை எவ்வளவு அகட்டினாலும் பத்து நிமிஷத்துக்கு மேல நிக்காது. ஒட்டின டெக்கலைச் சுத்தி வெள்ளையாப் படிஞ்சிருக்கு, துடைச்சாலும் காய்ஞ்சாப் பிறகு திரும்பி வருது. ஆக்சிஸ் பாறையை எதில செய்யிறது, அந்தப் பச்சை வெளிச்சத்தை எப்பிடிக் குடுக்கிறது? சசாபியை நியூ கண்டாமுக்குப் பக்கத்தில பாறையில நிப்பாட்டலாம் எண்டு நினைக்கிறன். அளவு 30 செ.மீ. சதுரம்.

ஊசிமுனை:
பசையைத் தொட முதல் படத்தின்ர கடைசிக் கால் மணித்தியாலத்தை ஒருக்காத் திரும்பப் பாருங்கோ. நீங்கள் சொல்லுற இடத்தில சசாபி இல்லை.

நடக்கிறது இதுதான். பூமிப் படைக் கப்பலின்ர கப்டன் பிறைற் நோவாவின்ர ஆக்கள் ஆக்சிஸுக்குள்ள இறங்கிக் குண்டு வைச்சு அதை ரெண்டாப் பிளக்கினம். வெடி தேவைக்கு மிஞ்சினதால பின்பாதியின்ர வேகம் குறைஞ்சு, அது பூமிப்பக்கம் விழத் தொடங்குது. அதுக்கு முன்னமே நியூ கண்டாமை ஓட்டுற ஆமுரோவும் சசாபியை ஓட்டுற ஷாரும் ஆயுதமெல்லாம் தீர்ந்து கையாலேயே குத்துப்பட்டு, சசாபி தோத்துப்போகுது. சசாபியின்ர கொக்பிற் நெஞ்சில இல்லை, தலைக்குள்ள இருக்கிற ஒரு உருண்டை. ஷார் அதோட வெளியில பாயிறான். ஆமுரோ அந்த உருண்டையைப் பிடிச்சுப் பாறையில அமத்திக்கொண்டுதான் ஆக்சிஸைத் தள்ளுறான்.

14 வருஷமா ஒருத்தரை ஒருத்தர் துரத்தின ரெண்டு பேர் கடைசியில சில அடி தூரத்தில, முகம் பார்க்க ஏலாமல், ரெண்டு பேரும் முந்தி இழந்த லாலா எண்ட பெண்ணைப் பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டு இருக்கினம். ஒருத்தன் ராட்சத உடம்புக்குள்ள, மற்றவன் ஒரு பந்துக்குள்ள. பக்கத்தில 16 செ.மீ. சிவப்பு றோபோ ஒண்டு நிண்டால் பார்க்கிற ஆளின்ர கண் அங்கதான் போகும். அந்தப் பந்து கண்ணில படாது, காட்சியும் செத்துப்போகும்.

உங்கட முதல் பிரச்சினையும் இதிலேயே தீருது. தள்ளுற நேரத்தில நியூ கண்டாமின்ர முதுகில ஃபின் ஃபனல் ஒண்டும் இல்லை. ஆறும் சண்டையிலேயே போயிட்டுது, பஸூக்காவும் இல்லை. போஸ்ரரிலயும் பெட்டி அட்டையிலயும் எல்லாத்தையும் போட்டுக் கீறுறதால எங்களுக்கு அந்த உருவம்தான் மனசில நிக்குது. முதுகு வெறுமையா இருந்தால்தான் அந்த இடம்.

உருண்டைக்கு: உங்கட சசாபியின்ர தலையைக் கழட்டி உள் அகலத்தை வேர்னியரால அளவுங்கோ. அதைவிடக் கொஞ்சம் சின்ன பிளாஸ்ரிக் மணி ஒண்டு, மாலை கோர்க்கிற சாமான் விக்கிற கடையில எடுக்கலாம். மணியின்ர ஓட்டையை எப்பொக்ஸி புட்டியால அடைச்சு, 600, 1000 வோட்டர் பேப்பரால தேய்ச்சு, கத்தி முனையால ஒரு கதவுக்கோடு கீறினாக் காணும். பாறையில அது பதியிற இடத்தில சின்னப் பள்ளமும், பள்ளத்தைச் சுத்தி வெடிப்புக் கோடுகளும் வேணும். சும்மா மேல ஒட்டின மாதிரித் தெரிஞ்சால் அமத்திற பாரம் தெரியாது.

இடம் மிஞ்சினால் ஓரத்தில பூமிப் படையின்ர ஜெகன் றோபோ ஒண்டும் ஷாரின்ர நியோ சியோன் படையின்ர கியாரா டோகா ஒண்டும் வையுங்கோ. பூமிப் படையும் நியோ சியோனும் சேர்ந்து தள்ள வாற இடம் அது. ரெண்டுக்கும் 1/144இல எச்.ஜி. (பண்டாயின்ர இன்னொரு வரிசை) கிற் இருக்கு.

தச்சன்:
ஊசிமுனை சொன்னது சரி. நான் அடித்தளத்தைப் பற்றிச் சொல்லுறன்.

முதல்ல அளவுக் கணக்கு. 30 செ.மீ.யை 144ஆல பெருக்கினால் 43 மீற்றர். நியூ கண்டாம் 22 மீற்றர் உயரம். ஆக்சிஸ் கிலோமீற்றர் கணக்கில இருக்கிற சிறுகோள், நீங்கள் செய்யப்போறது அதில ஒரு சின்னத் துண்டு. அதால குன்றும் குழியுமாச் செதுக்க வேண்டாம். 5 மி.மீ. கல்லுத்துண்டு ஒண்டு அந்த அளவில 72 செ.மீ. பாறை. கரடு முழுக்கச் சின்னதா இருக்கோணும், பெரிய சரிவு ஒண்டே ஒண்டு காணும். கன பேர் விடுற பிழை, மீன்தொட்டிக்குப் போடுற கல்லை ஒட்டி றோபோவைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிறதுதான்.

பாறைக்கு றெஜிபோம் எடுங்கோ, 2 அங்குலத் தடிப்பில ரெண்டு பலகை. ஃபிறிட்ஜ், ரீவீ பெட்டிக்குள்ள வாற குண்டுமணி றெஜிபோம் வெட்டேக்க உதிரும். அடர்த்தியானதாப் பார்த்து வாங்கினால் கத்தி வடிவா ஓடும். ரெண்டையும் பைண்டர் கம்மால ஒட்டி, பாரம் வைச்சு ஒரு இரவு விடுங்கோ. நடுவில காத்துப் போகாததால பசை காய நேரம் எடுக்கும். பிறகு பிளேட்டால வெட்டாமல் கையால பிய்ச்சு எடுங்கோ. பிய்ச்ச முகம்தான் பாறை மாதிரி வரும்.

பிய்ச்சு முடிய பைண்டர் கம் 2 பங்கு, தண்ணி 1 பங்கு, அரிச்ச நல்ல மணல் 1 பங்கு கலந்து ரெண்டு கை பூசுங்கோ. முதல் பூச்சு நல்லாக் காய்ஞ்சாப் பிறகுதான் ரெண்டாவது. இந்தப் பூச்சு வடிவுக்கு மட்டுமில்லை. ஸ்ப்ரே பெயின்றின்ர கரைப்பான் றெஜிபோமை உருக்கிப் போடும். ஊசி முனை அளவு இடம் பூசாமல் விட்டாலும் அந்த ஓட்டையால உள்ளுக்கை போய்ப் பெரிய குகையா அரிச்சிடும். அதால நிறத்துக்கும் ஸ்ப்ரே வேண்டாம், தண்ணியில கலக்கிற அக்ரிலிக்கைத் தூரிகையால அடியுங்கோ. அடி நிறம் கறுப்பும் பழுப்பும் கலந்து, அதுக்கு மேல சாம்பல், கடைசியாத் தூரிகையைத் துணியில துடைச்சுப்போட்டு வெளிறின சாம்பலை மேடுகளில மட்டும் தடவுங்கோ.

நிப்பாட்டிறது: தள்ளுற போஸில பாரம் முழுக்கக் கையில வரும். உள்ளங்கையில 1 மி.மீ. துளை போட்டு, 1 மி.மீ. கம்பி 2 செ.மீ. வெட்டி, பாதியைக் கைக்குள்ளயும் பாதியைப் பாறைக்குள்ளயும் விடுங்கோ. அது காணாது. இடுப்புக்குக் கீழ ஒரு தாங்கு வேணும். பண்டாயின்ர அக்ஷன் பேஸ் 5 தாங்கி இருந்தால் அது 1/144க்கு உரியது. இல்லாட்டி 2.5 மி.மீ. வெல்டிங் றொட் ஒண்டை எடுத்து வெளிப்பூச்சைத் தட்டி உதிர்த்துப்போட்டு, நுனியில மாஸ்கிங் ரேப் சுத்தி 3 மி.மீ. ஆக்குங்கோ. பண்டாய் கிற்றுகளின்ர ஓட்டை பெரும்பாலும் 3 மி.மீ. கணக்குத்தான். றொட்டின்ர மற்ற முனை றெஜிபோமில நிண்டால் ஆடும். கீழ இருக்கிற பலகை வரைக்கும் இறக்கி, பலகையில துளை போட்டு இறுக்குங்கோ.

வெளிச்சம்: 5 மி.மீ. பச்சை எல்.ஈ.டி. மூண்டு, போன் சார்ஜரின்ர 5 வோல்ற்றில. பச்சை எல்.ஈ.டி. 3 வோல்ற் அளவில எரியும், மிச்சம் 2 வோல்ற்றுக்கு 150 ஓம் றெசிஸ்ரர் போட்டால் 13 மில்லி அம்பியர் ஓடும். ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் தனித்தனி றெசிஸ்ரர். மூண்டையும் சமாந்தரமா இணைச்சு ஒரு றெசிஸ்ரர் போட்டால் ஒண்டு கூட எரியும், மற்றது மங்கும். பல்ப் நேராக் கண்ணில படக்கூடாது. பாறையின்ர பின் விளிம்புக்குக் கீழ ஒளிச்சு வைச்சு, முன்னுக்கு ட்றேசிங் பேப்பர் ஒட்டுங்கோ. அந்த ஒளி, நியூ கண்டாமுக்குள்ள இருக்கிற, ஓட்டுற ஆளின்ர மன அலைக்கு இயங்கிற சைக்கோஃபிரேம் எண்ட சட்டத்தில இருந்து பரவி ஆக்சிஸைச் சுத்துற ஒளி, நெருப்பு இல்லை. பஞ்சு வைச்சால் புகை மாதிரித் தெரியும், வைக்காதேங்கோ. வயர் போற பாதையை மணல் பூச முதலே துளைச்சு வையுங்கோ, பூச்சுக் காய்ஞ்சாப் பிறகு துளைச்சால் ஓரம் உதிரும்.

வடலி:
நன்றி. சசாபியை எடுத்துவிட்டு, உருண்டையோட செய்யிறன். காட்சி முடிஞ்சாப் பிறகு நியூ கண்டாமை ஃபனலோட அலுமாரியில வைக்க வேணும், அப்ப விழாமல் இருக்க என்ன வழி? டெக்கலின்ர வெள்ளை இன்னும் அப்பிடியே இருக்கு. கிணத்துத் தண்ணியிலதான் ஊற வைச்சது. மேல மினுக்கம் குறைக்கிற மற் ஸ்ப்ரே அடிச்சால் மறையுமோ?

நன்னீர்:
மறையாது, உள்ளுக்கை பூட்டுப்பட்டுப் போயிடும். ஸ்ப்ரேக்கு முதல் அதை எடுக்கோணும்.

வெள்ளை ரெண்டு வகை. டெக்கலின்ர ஓரத்தில வளையமாப் படிஞ்சு, ஈர விரலால தொட மறைஞ்சு, காயத் திரும்பி வந்தால் அது சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக் கல்லு, கேத்தலுக்குள்ள படியிற அதே சாமான் உங்கட டெக்கல் தண்ணியிலயும் இருக்கு. டெக்கலுக்கு அடியில வெள்ளி மாதிரி மினுங்கினால் அது வேற. உள்ளுக்கை காத்து அடைபட்டிருக்கு எண்டு அர்த்தம். நீங்கள் சொல்லுறதைப் பார்த்தால் முதல் வகை.

சுண்ணாம்புக்கு, பற்றரிக்கு விடுற டிஸ்ரில்ட் வோட்டர் ஒரு போத்தல் வாங்குங்கோ. கடையில அசிட்டும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கோ. அந்தத் தண்ணி 10 பங்குக்கு வினாகிரி 1 பங்கு கலந்து, கொட்டன் பட்டை நனைச்சுப் பிழிஞ்சு, வளையத்தில மட்டும் பத்து செக்கன் வைச்சு எடுங்கோ. தேய்க்காதேங்கோ, டெக்கல் அரங்கும். பிறகு சும்மா டிஸ்ரில்ட் வோட்டரால ரெண்டு தரம் ஒத்தி எடுங்கோ. மிச்சப் பாதி டெக்கலை இந்தத் தண்ணியிலேயே ஊற வையுங்கோ. பத்து, பதினைஞ்சு செக்கன் ஊறினாக் காணும், வெளியில எடுத்து ஒரு நிமிஷம் விட்டால் தானா வழுகும். தண்ணிக்குள்ளேயே மிதக்க விட்டால் அடிப்பசை கரைஞ்சு, ஓரம் பிறகு எழும்பும். வெள்ளி மினுக்கம் எங்கையாவது கண்டால் ஊசியால ரெண்டு மூண்டு குத்துக் குத்தி, மார்க் சொஃப்ரர் (டெக்கலை இளக்கிற திரவம்) ஒரு துளி விட்டு, ஈரக் கொட்டன் பட்டால நடுவில இருந்து ஓரத்துக்கு அமத்துங்கோ.

இப்ப மற் ஸ்ப்ரே. தைப்பொங்கலுக்கு முன்னம் எண்டால் மாரி முடியிற நேரம், காத்தில ஈரம் கனக்க இருக்கும். லக்கர் ஸ்ப்ரேயின்ர கரைப்பான் கெதியா ஆவியாகேக்க மேற்பரப்பு குளிருது, காத்தில இருக்கிற ஈரம் அந்தக் குளிரில படிஞ்சு பூச்சுக்குள்ள அகப்படுது. அதுதான் வெள்ளைப் புகார். மழை விட்ட நாளில, வெயில் வந்து ரெண்டு மூண்டு மணித்தியாலம் போனாப் பிறகு, பகல் 11க்கும் 3க்கும் இடையில அடியுங்கோ. ஸ்ப்ரே கானை இளஞ்சூட்டுத் தண்ணியில (கை பொறுக்கிற சூடு, அதுக்கு மேல வேண்டாம்) அஞ்சு நிமிஷம் வைச்சுக் குலுக்கினால் துளி சின்னதா வரும். 25 செ.மீ. தூரம், மெல்லிசா மூண்டு தரம், இடையில இருபது நிமிஷம். புகார் பிடிச்சாலும் பயப்பிட வேண்டாம், காய்ஞ்ச நாளொண்டில அதே ஸ்ப்ரேயை மெல்லிசா ஒருக்கா அடிக்கப் பூச்சு இளகி ஈரம் வெளியேறும். கண், கமரா போன்ற கண்ணாடித் துண்டுகளைக் கழட்டி வைச்சுப்போட்டு அடியுங்கோ.

ஸ்ப்ரே கான் விமானத் தபாலில ஏத்தமாட்டினம், ஆனபடியால் உள்ளூரில கிடைக்கிறதைத்தான் பாவிக்கோணும். வாகனத்துக்கு அடிக்கிற கிளியரை நேரடியாக் கிற்றில அடிக்காதேங்கோ. அதின்ர கரைப்பான் கடுமை, வெறும் பிளாஸ்ரிக்கில நுண்ணிய வெடிப்பு விழும். பயன்படாத றன்னர் (கிற்றின்ர பாகங்கள் ஒட்டி வாற சட்டம்) துண்டில அடிச்சு ஒரு நாள் விட்டுப் பாருங்கோ. ஒவ்வொரு றன்னரின்ர ஓரத்திலயும் பிளாஸ்ரிக்கின்ர வகை பி.எஸ்., ஏ.பி.எஸ். எண்டு அடிச்சிருக்கும், ரெண்டிலயும் சோதிக்கோணும். கோடு விடுறதுக்கு (தகட்டுக் கோடுகளுக்குள்ள கறுப்பு விடுறது) எனாமல் பாவிக்கிறதெண்டாலும் இதே கவனம். மாட்டி இறுக்கி இருக்கிற ஏ.பி.எஸ். துண்டில தின்னர் ஊறினால் அடுத்த நாள் தானா வெடிக்கும். கழட்டி வைச்சுக் கோடு விடுங்கோ. மண்ணெண்ணெயால துடைக்க வேண்டாம்.

தச்சன்:
அலுமாரியில ஃபனலோட நிப்பாட்டிறதுக்கு: ஆறும் இடப்பக்க முதுகில ஒரு சால்வை மாதிரித் தொங்கிறதால பாரத்தின்ர நடு இடக்குதிக்குப் பின்னால போயிடுது. காலைப் பக்கவாட்டில அகட்டிப் பிரயோசனம் இல்லை. இடக்காலை ஒரு எட்டுப் பின்னுக்கு வைச்சு, நுனியை வெளிப்பக்கம் திருப்பி, இடுப்பை முன்னுக்குக் கொஞ்சம் சாய்ச்சு, றைஃபிள் பிடிச்ச வலக்கையை முன்னுக்கு நீட்டுங்கோ. பஸூக்காவைக் கழட்டி வைச்சால் பின்பாரம் இன்னும் குறையும். ஆனாலும் பத்து நிமிஷம் நிண்டு பிறகு விழுறது எண்டால் கணுக்கால் மெல்ல மெல்ல வழுகுது. கணுக்கால் மூட்டைக் கழட்டி, அந்த மூட்டின்ர உருண்டை முனையில சுப்பர் குளூ ஒரு படை தடவி, ஒரு இரவு முழுக்கக் காய விட்டுப்போட்டு மாட்டுங்கோ. காயாமல் மாட்டினால் மூட்டு நிரந்தரமா ஒட்டிப்போகும்.

ஊசிமுனை:
சுப்பர் குளூ பூசின துண்டை மூடின பெட்டிக்குள்ள காய வைக்காதேங்கோ. ஆவி வெளியேறாமல் பக்கத்தில இருக்கிற கண்ணாடித் துண்டிலயும் கருநீல நெஞ்சுப் பகுதியிலயும் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரிப் படியும். ஃபானுக்குத் தூரத்தில, திறந்த இடத்தில வையுங்கோ.

சசாபியைத் தனி அடித்தளத்தில, தலை மூடி திறந்தபடி, உருண்டை இல்லாமல் வைக்கலாம். ரெண்டு அடித்தளத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சால் ஆள் எங்க போனான் எண்டு பார்க்கிற ஆக்களே தேடுவினம். சிவப்புத் துண்டுகளில கேற் (றன்னரோட ஒட்டியிருந்த முனை) வெட்டின இடம் வெளிறி இருந்தால் 600, 1000 வோட்டர் பேப்பரால தேய்ச்சு மற் அடிக்க அரைவாசி மறையும். மிச்சத்துக்கு அதே சிவப்பு அக்ரிலிக்கைப் பல்லுக்குத்தியின்ர நுனியால தொட்டு வையுங்கோ. நியூ கண்டாமின்ர வெள்ளையை யன்னல் வெயில் படாத பக்கம் வையுங்கோ, மஞ்சளாப் போனால் திருப்பி எடுக்கிறது கஷ்டம்.